சேதுராமனின் இரண்டாவது இசைத்தட்டு

1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை காலை, மலாக்கா காஜா பேராங்கில் பாடகர் சேதுராமன் தம் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டிருந்தார். தம் கடைப் பெஞ்சைத் தூக்கிவந்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார் கோப்பிக் கடைக் கருணாகரன்.

"ஏங்க, ஆளு இன்னும் அசையல. மொகத்தைப் பாத்தா பயமா இருக்கு" என்றாள் சேதுராமனின் மனைவி கோகிலா, சன்னல் திரையை விலக்கிப் பார்த்து.

அந்தக் கோபத்தின் காரணம் தெருவே அறிந்தது. வயலினும் ரெபானா மேளமும் ஒலிக்க, இருவர் எதிரெதிரே அமர்ந்து, அந்தந்த நொடியில் கட்டும் நாலடி மலாய்ப் பாட்டுகளால் ஒருவரையொருவர் மடக்குவது டொண்டாங் சாயாங். சேதுராமன் தம் முதல் இசைத்தட்டில் காஜா பேராங் கோப்பிக் கடைக்காரர் ஒருவரை மடக்கியிருந்தார். அந்தக் கடைக் கோப்பியில், குடிப்பதற்கு முன்பே கோப்பையின் அடியில் வரைந்த பூவின் இதழ்களை எண்ணலாமாம். அதில் விழுந்த ஈ நீச்சல் பழகிக் கரையேறியதாம்.

பெயரைச் சொல்லவில்லை. ஆனால் காதோரத்து மருவைச் சொல்லியிருந்தார். தெருவாசிகளுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. தட்டு ஜொகூர் வரை விற்றது.

"பின்பக்கமா லோங்காங்கைத் தாண்டிப் போயிடுங்களேன். சாக்கடைதானே, கால் கழுவிக்கலாம்."

"முடியாது, கோகிலா. பாட்டுல ஒருத்தரை மடக்கினா, அவரு பதில் சொல்ற வரைக்கும் எந்திரிச்சுப் போகக் கூடாது. அதான் முறை. தட்டுல அவருக்குப் பதில் சொல்ல எடமே குடுக்கல. இன்னைக்குச் சொல்ல வந்துட்டாரு. வாயால சொல்வாரோ, கையால சொல்வாரோ!"

கூடத்தில் சிங்கப்பூர் இசைத்தட்டுக் கம்பெனியின் முகவர் ராஜரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது தட்டுக்காகச் சேதுராமனை அழைத்துச் செல்ல அவர் கொண்டுவந்த கார் தெருவில் நின்றது. மாலைக்குள் போய்ச் சேராவிட்டால், அந்த வாய்ப்பு வேறொரு பாடகருக்குப் போய்விடும்.

"இதுக்குத்தான் சொன்னேன், சேது. ஆளைத் திட்டுற பாட்டே இனிமே வேணாம். பினாங்குல இருக்கிறவனுக்கு உங்க தெருக் கோப்பியைப் பத்தி என்ன கவலை? சாக்ஸபோன், ரும்பா, நிலா, காதல். எல்லாருக்கும் பிடிக்கும். பாட்டுகூட எழுதியாச்சு. நீங்க மனப்பாடம் பண்ணினாப் போதும்."

"நிலாவை நான் திட்டினதும் இல்ல, கொஞ்சினதும் இல்ல, சார்."

"கையெழுத்துப் போட்டாச்சு லா!"

போட்டதென்னவோ உண்மை. வீட்டுக்குள் ராஜரத்தினம், வாசலில் கருணாகரன். நடுவில் சேதுராமன்.

அப்போது, குருபோங் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த இளைஞர் இருவர் தெருவில் காலூன்றி நின்றனர். "அந்த ஈ நீந்தின கோப்பிக் கடை எது லா?" என்று பொதுவாகக் கூவிச் சிரித்தனர். பெஞ்சில் இருந்தவரைத் திரும்பியும் பாராமல், தெருமுனைச் சீனர் கோப்பிக் கடைக்குள் நுழைந்தனர்.

கருணாகரன் தலையில் அடித்துக்கொண்டார். சன்னல் வழியே அதைக் கண்ட சேதுராமன், இனியும் தாமதித்தால் விபரீதமாகிவிடும் என்று கதவைத் திறந்தார்.

"அண்ணே, பாட்டுன்னா நாலு வார்த்தை முன்னப்பின்ன வரும். மனசுல வெச்சுக்காதீங்க."

"புதுத் தட்டு போடப் போறியாமே?"

"ஆமாண்ணே. ஆனா உங்க பக்கமே வரமாட்டேன். முழுக்க நிலாப் பாட்டு."

"கோப்பி?"

"வாயே தொறக்க மாட்டேன்."

"ஈ?"

"சத்தியமா வராதுண்ணே!"

கருணாகரனின் முகம் மேலும் இருண்டது. சேதுராமன் கைகூப்பினார்.

"வேணும்னா துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் வாசல்ல நின்னு, நான் பாடினதெல்லாம் பொய்னு ஊரறியச் சொல்லிடறேன்."

"சொல்லித்தான் பாரேன்!" என்று கர்ஜித்தபடி கருணாகரன் துள்ளி எழுந்தார். பெஞ்சு சாய்ந்தது. "ஐயோ, அண்ணே!" என்று அலறினாள் கோகிலா.

ராஜரத்தினம் ஓடிவந்து நடுவில் நின்றார். "மிஸ்டர், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நிலாவெல்லாம் ஒரு பக்கத்தோட நிக்கட்டும். மறுபக்கம் பழையபடி வயலினு, ரெபானா. அதுல நான் இருக்கணும். இல்லாட்டி உங்க காடி இங்கேருந்து நகராது."

மடக்கப்பட்டவர் பதில் சொல்ல இடம் கேட்கிறார். மறுக்க முறையில்லை என்று தலைகுனிந்தார் சேதுராமன். ராஜரத்தினம் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

இறுதியில் முடிவானது இதுதான்: இரண்டாவது தட்டின் முதற்பக்கத்தில், கம்பெனி விரும்பியவாறு, ரும்பா தாளத்தில் நிலாப் பாட்டு இடம்பெறும். மறுபக்கத்தில் பழைய முறையில் டொண்டாங் சாயாங். அதில் கருணாகரன் இருப்பார். ராஜரத்தினம் ஒப்புக்கொண்டார், பெஞ்சு அகற்றப்பட்டது.

சேதுராமன் காரில் ஏறி அமர்ந்தார். "நீங்களும் ஏறுங்கண்ணே. உங்க பதிலை அங்கேயே பாடிடலாம்" என்றார் பலவீனமாக.

கருணாகரன் தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டு, கார்ச் சன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எதுக்கு? நீயே திட்டு, தம்பி. இந்தத் தடவையாச்சும் கடைப் பேரையும் சேத்துத் திட்டு!"