திட்டுக்குப் பின் ஒரு டீ

அவள் பனங்கற்கண்டை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாள்.

இன்றைக்கு இது மூன்றாவது திட்டு. முதல் திட்டிலேயே தொண்டை ராஜினாமா கொடுத்துவிட்டது. மூளை எப்போதோ விருப்ப ஓய்வில் போய்விட்டது. நாக்கு மட்டும்தான் இன்னும் பணியில் இருக்கிறது.

தலைமையாசிரியை என்றால் திட்ட வேண்டும். புகாரோடு வந்த பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, ஆசிரியரை வரவழைத்துத் திட்ட வேண்டும்.

அவள் திட்டினால் சுவரில் பல்லி பிடியை விட்டுவிடும். தெருமுனைக் கடையில் கொத்துப் பரோட்டாச் சத்தம் நின்றுவிடும். புகார் கொடுத்தவர்களே வெலவெலத்துப்போய், "விட்டுருங்க மேடம், பாவம்" என்று ஆசிரியருக்கு வக்காலத்து வாங்குவார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஆயா ராக்கம்மா இரண்டு டம்ளர் டீ கொண்டுவருவாள்.

ஒன்று திட்டியவளுக்கு. ஒன்று திட்டு வாங்கியவருக்கு.

தினம் நாலு கொலை. பிணங்களெல்லாம் டீ குடித்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாடு பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். பெற்றோருக்கு மட்டும் தெரியாது.

இந்த மூன்றாவது புகாரோடு வந்த சூசை உட்காரவில்லை.

மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவர். தலை ஈரமாக இருந்தது. பவுடர் கழுத்துவரை திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. மேசைப் பக்கம் வராமல் கதவை ஒட்டி நின்றார்.

அவள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். வெயிலுக்காகத்தான்.

சூசை மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"வசுமதி டீச்சர் எம்பிள்ளைய ஜன்னலோரம் தனியா உக்கார வச்சிருக்காவ மேடம். காத்து வரட்டும்னு. நோட்டக் காட்டப் போனா மூக்கப் பொத்துதாவளாம். இது வீட்டுக்கு வந்து தேங்கா நாரப் போட்டுத் தேய்க்கி. கையில தோலெல்லாம் உரிஞ்சிட்டு."

பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

"வெளிய நிக்கி. உள்ள வரமாட்டேங்கு. இனிமே பள்ளிக்கூடமே வேண்டாங்கு."

மேசையைக் குத்துகிறவர்களை அவளுக்குப் பழக்கம். கலெக்டர் எங்கள் சித்தப்பா என்கிறவர்களைப் பழக்கம். அந்தக் கலெக்டருக்கு இந்த ஊரில் மட்டும் முந்நூறு அண்ணன் பிள்ளைகள்.

இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வெளியே நிற்கிற பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாது.

வசுமதி வந்தாள். வழக்கப்படி தரையைப் பார்த்தாள். வழக்கப்படி விரல்களைக் கோத்துக்கொண்டாள். செய்தீர்களா என்று கேட்டதற்கு வழக்கப்படி, "சாரி மேடம்."

அவள் திட்டினாள்.

மிச்சமிருந்த குரல் அத்தனையையும் கொட்டித் திட்டினாள். துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும்.

மேசையில் ஊன்றிய கை நடுங்கியது. இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் நடுங்கியதில்லை.

"போதும் மேடம்" என்றார் சூசை. "அவியளும் பிள்ளகுட்டிக்காரிதானே."

கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

வசுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மாடி. இன்னைக்கு உங்களுக்கு அவார்டே குடுக்கலாம் மேடம். அந்தக் கை நடுக்கம் புதுசு. ஒரு நிமிஷம் நெசம்னே நெனச்சிட்டேன்."

"நெசந்தான்" என்றாள் அவள். குரல் வரவில்லை. வெறும் காற்று வந்தது.

வசுமதி சிரித்தாள்.

"அதான் ஆளு போயாச்சே மேடம். இன்னும் விடமாட்டீங்களா?"

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு என்று அவளிடம் இருந்தது ஒரே ஒரு குரல். அதைத் தினமும் நாலு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

ராக்கம்மா டீயை வைத்துவிட்டுப் போனாள்.

வசுமதி தன் டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

அவள் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வராந்தாவில் தூணோரம் சூசை நின்றிருந்தார். பக்கத்தில் பிள்ளை, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

அவளைக் கண்டதும் சூசை ஓர் அடி பின்னால் போனார்.

அவள் ஓர் அடி முன்னால் போனாள்.

அவர் இன்னும் ஓர் அடி போனார். சுவர் வந்துவிட்டது.

ஒரு டம்ளரை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றை நீட்டியபடி குனிந்து நின்றாள். டீ ஆடை கட்டும்வரை நின்றாள்.

பிள்ளை மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

அறைக் கதவு திறந்தே இருந்தது.

உள்ளே மின்விசிறியின் கீழ், வசுமதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.