பதினாலு படி

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவன் மனைவி இருக்கும் மாடிக்கு அவர் பூனை மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். மேலே அவள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான்.

"நிறுத்துங்க சார்!" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "திருட்டுத்தனமாப் போறவன் நடையா இது? மீட்டர் பாக்கப் போறவன் மாதிரி இருக்கு."

அவர் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை, முழங்கால் உயரத்தில் ஒரு மைக். படத்தில் யார் நடந்தாலும், ஓடினாலும், படியேறினாலும் அந்தக் காலடிச் சத்தத்தை ஸ்டுடியோவில் நின்ற இடத்திலேயே நடந்து கொடுப்பதுதான் அவர் தொழில். சினிமா வட்டாரத்தில் அவருக்குப் பெயரே சத்தக்காரர்தான்.

படம், கட்டியவனுக்குத் துரோகம் செய்கிற ஒருத்தியைப் பற்றிய சஸ்பென்ஸ் கதை. கள்ளக்காதலன் படியேறும் ஷாட்டில் திரை முழுக்க அவன் முகம்தான், கால் தெரியாது. செட்டில் போட்டிருந்ததோ புத்தம்புதுப் பலகை, முனகக்கூட முனகாது. அவன் எப்படி ஏறுகிறான் என்பதை இவர் கால்தான் சொல்ல வேண்டும்.

மற்ற நாளாக இருந்தால் அரை மணியில் முடித்திருப்பார். மூன்று நாளாக அவருக்கு உடம்பும் மனசும் மரத்துக் கிடந்தன. "தப்பா நினைக்காதீங்க தம்பி. நீங்க வேலைக்குப் போனப்புறம் மத்தியானத்துல யாரோ ஒருத்தர் வந்துட்டுப் போறாரு. ஹெல்மெட் போட்டிருந்தாரு, முகம் தெரியல" என்று பக்கத்து வீட்டம்மா வாசலில் நிறுத்திச் சொன்னதிலிருந்து அப்படித்தான். கோபம்கூட வரவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம். பதினொரு வருஷம் கூடவே இருந்த மனைவியிடம் போய் இதை எந்த வாயால் கேட்பது?

அவளிடம் கேட்கவில்லை. இன்று காலையில் அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவுக்குப் பார்வை போய் நாலு வருஷம். பகல் முழுக்கக் கீழறையில், மகனும் மருமகளும் இருக்கும் மாடிக்குப் போகிற படியை ஒட்டினாற்போல், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டு மரப்படி பதினாலில் ஏழாவது, கால் வைத்தால் கத்தி ஊரையே கூட்டும். வீட்டு மனுஷர்கள் பழக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கேஸ் சிலிண்டர்காரரிலிருந்து சொந்த மச்சான் வரை, வெளியாள் என்று வந்த ஒருவரும் அதில் மாட்டாமல் போனதில்லை.

"அந்தப் படி கத்தி ஒரு மாசம் ஆச்சுடா" என்றார் அப்பா. "மேல ஒரு ஈ காக்கா போகல. எவளோ நாக்குல நரம்பில்லாம சொன்னான்னு என் மருமகளைச் சந்தேகப்படாத."

வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மரத்துப்போன கால் உதறினவுடனேயா சரியாகிறது? சாயங்காலம் போகும்போது அவளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும், மனசுக்குள்ளாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பும் யாரோ எழுதிக் கொடுத்தது போலத்தான் இருந்தது.

"முகத்துல ஈயாடலையே சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றபடி டைரக்டர் உள்ளே வந்துவிட்டார். சாதாரணமாக மதியத்துக்கு மேல் எல்லாவற்றையும் சத்தக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறவர். இந்த சீன் முக்கியம் என்று இன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு வீண் சந்தேகம், தீந்துபோச்சு. படம் முடிஞ்சதும் ஒருநாள் நீங்க நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்."

"வராம இருப்பேனா? ரெண்டு வருஷமாப் பழகுறோம், உங்க வீடு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது பாருங்க" என்று சிரித்தார் டைரக்டர். "சரி, கொஞ்சம் நகருங்க. நானே நடந்து காட்டுறேன். கீழ ஆள் இருக்கு, மேல அவ காத்திருக்கா. ரெண்டும் கால்ல தெரியணும்."

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பலகைமேல் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். படியேறுகிறவரைப் போல ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரலை முதலில் ஊன்றி, மெல்லக் குதிகாலை இறக்கினார்.

சத்தக்காரர் தொழில் பழக்கத்தில் உதட்டுக்குள்ளேயே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... குறை சொல்ல முடியாத நடை. இருபது வருஷமாக இதே வேலையாக இருக்கும் தனக்கே இது வரவில்லையே என்று நினைத்தார். நான்கு, ஐந்து, ஆறு.

ஆறில் டைரக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு காலை உயரத் தூக்கி, அகல எட்டு வைத்து, மறுபடி பழைய நடைக்கே வந்து மேலே போனார்.

சத்தக்காரருக்குத் தன் குரலே எங்கோ தூரத்தில் கேட்டது.

"ஏழாவது படியில கால் வைக்கலையே சார்?"

டைரக்டர் கண்ணைத் திறக்கவில்லை. கால் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"வெச்சா கத்துமே!"