அம்மாபேட்டைக்கு மூணு சீட்

ஆசையாகச் செய்த பாகற்காய்ப் பொரியலைக் கஷாயம் என்று கணவன் முகிலன் கேலி செய்ததில், வைதேகி அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். செல்போன் ஆப்பில் அழைத்த கார், ஓட்டுநர் இல்லாமல் தானே வந்து நின்றது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் காலி சீட்டுக்கு மாநகராட்சி கட்டணம் போட்டதிலிருந்து, கார்கள் ஆள் சேர்த்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

“அம்மாபேட்டை! மூணு சீட் காலி! அம்மாபேட்டை!” என்று தெருவே கேட்கும்படி அது கூவியது.

முகிலன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடி வந்து ஏறினான்.

“நீங்க எங்க வர்றீங்க?”

“உங்கம்மா வீட்டுக்குத்தான். நீ இல்லாத வீட்ல நான் மட்டும் என்ன பண்றது? தப்புதான் வைதேகி, மன்னிச்சிடு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். அதற்குள் மாமியார் பட்டுப்புடவையில் வந்துவிட்டார், பின்னாலேயே மாமனாரும்.

“சம்பந்தியப் பார்த்து நாளாச்சு. கொஞ்சம் தள்ளி உக்காரும்மா.”

அம்மாபேட்டையில் கதவைத் திறந்த அம்மா நால்வரையும் பார்த்துத் திகைத்துப் போனாள்.

“கோவிச்சுக்கிட்டு வர்றேன்னு சொன்னியேடி! பொண்ணு பார்க்க வந்த மாதிரியில்ல எல்லாரும் வந்து நிக்கிறீங்க!”

“ஆமா அத்தை,” என்றான் முகிலன். “பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”