பக்கத்து ரூம் சுப்பிரமணி

சுப்பிரமணி பீரோவைத் திறந்து பார்த்தார். ஆள் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. ஜன்னல் திரையை விலக்கினார். ஒரு பல்லிதான் இருந்தது.

"யாரைத் தேடுறீங்க சார்?" என்றாள் டைப்பிஸ்ட் பிரபாவதி.

"யாரும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் தேடறேன்."

புது மிஷின்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. அதற்காகத்தான் மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்திருந்தார்.

போன வருஷம், எழுபத்தேழில், வேறொரு ஊரில் ஒரு மிஷின் அவர் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் அடித்துக் கொடுத்தது. மனுஷர் மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். பக்கத்து ரூமில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதில்களை டைப் அடித்தது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்கு 'பக்கத்து ரூம் சுப்பிரமணி' என்று பெயர். கேண்டீனில் காபி கேட்டால்கூட, "பக்கத்து ரூமுக்கு ஒரு காபி!" என்று கத்துகிறார்கள். இன்னொரு தடவை ஏமாந்தால் பழைய ஃபைல் கட்டும் குடோனுக்கு மாற்றல் என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பாவம், ஒரு வருஷமாக அவருக்குத் தூக்கமே இல்லை.

இந்தத் தடவை சமாச்சாரம் இதுதான். செங்கல்பட்டு ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர். கடலலையை அளக்கும் சதுரங்கப்பட்டினம் நிலையத்தில் இன்னொன்று. இங்கே அடிக்கிற எழுத்து மிஷினின் முதுகில் இருக்கிற சீரியல் போர்ட் என்ற சாக்கெட் வழியாக ஒவ்வொன்றாகக் கம்பியில் அங்கே போய், அப்படியே திரும்பி வந்து இங்கே காகிதத்தில் அச்சாக வேண்டும். அதற்கான புரோகிராமை இஞ்சினியர் உப்பிலி ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருந்தான்.

"சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்…" என்றான் உப்பிலி.

"மூச்! டெஸ்ட் முடியற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. போன தடவை இருமித்தான் பக்கத்து ரூமுக்கு சிக்னல் கொடுத்தாங்க."

"இல்ல சார், சதுரங்கப்பட்டினத்துல…"

"அங்கே என் பியூன் ஏசுபாதம் முதல் பஸ்ஸுலயே போயாச்சு. ரூம் வாசல்லயே உட்கார்ந்திருக்கான். எவனும் உள்ளே போய்க் கீபோர்டுல கை வைக்க முடியாது. எப்படி?"

உப்பிலி பிரபாவதியைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஷினின் முதுகுப்பக்கத்தையும் விடுவானேன் என்று சுப்பிரமணி டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பி மாட்ட வேண்டிய சாக்கெட்டில், எழுத்து வெளியே போகிற துளையையும் திரும்பி வருகிற துளையையும் சேர்த்து வளைந்த ஹேர்பின் ஒன்று செருகியிருந்தது. பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் ஹேர்பின் எங்கேதான் கிடக்காது? அதோடு, கரண்ட் சமாச்சாரத்தில் அவர் கை வைப்பதில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் மனிதர்களைப் பிடிப்பதில்தான்.

உட்கார்ந்தார். ஆங்கில எழுத்தில் தன் பெயரை அடித்தார். அப்படியே திரும்பி வந்தது. வேண்டுமென்றே 'சுப்புரமணி' என்று தப்பாக அடித்தார். தப்பும் அப்படியே வந்தது. மனிதனாக இருந்தால் திருத்தியிருப்பான்.

பிறகு ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். 'சாப்பிட்டாச்சா?' என்று அடித்தார்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்லாத மனுஷன் நம் ஊரில் கிடையாது. 'ஆச்சு, நீங்க?' என்று மட்டும் வரட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மிஷின் கடகடவென்று அடித்தது: 'சாப்பிட்டாச்சா?'

மறுபடி கேட்டார். அதுவும் மறுபடி கேட்டது. கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு 'முட்டாள்' என்று அடித்தார்.

'முட்டாள்' என்று வந்தது.

சுப்பிரமணி துள்ளி எழுந்தார். மெட்ராஸ் ஆபீசரை முட்டாள் என்று திட்ட எந்தச் சிப்பந்திக்குத் தைரியம் வரும்? மிஷின்தான், சந்தேகமே இல்லை.

"சார், இப்பவாவது நான்…" என்று எழுந்தான் உப்பிலி.

"உட்காருங்க மிஸ்டர். சான்றிதழ் எழுதி முடிக்கற வரைக்கும் டெஸ்ட் முடியலை."

'சதுரங்கப்பட்டினத்தில் மிஷின் நல்ல முறையில் பொருத்தப்பட்டிருக்கிறது. வேலை செய்வதை நானே சோதித்தேன்' என்று பச்சை மசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்து, அரக்கு முத்திரை குத்தி, மெட்ராஸ் போகும் ஜீப்பில் கொடுத்தனுப்பினார். ஜீப் தெரு முனையைத் தாண்டும் வரை வாசலில் நின்று பார்த்தார். ஒரு வருஷத்து அவமானம் அதோடு தொலைந்தது என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இப்போ சொல்லுங்க, என்னமோ சொல்லணும்னீங்களே?" என்று உப்பிலியைப் பார்த்துத் தாராளமாகச் சிரித்தார்.

அதற்குள் டெலிபோன் அடித்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து டிரங்க் கால்.

"சார், ஏசுபாதம் பேசறேன். நீங்க சொன்ன மேரியே காத்தாலேர்ந்து வாசல்லயே குந்திகினு கீறேன். ஒரு ஆளை உள்ள வுடல."

"பலே! நீதான்யா என் மானத்தைக் காப்பாத்தினே."

"ஆனா இப்ப ஒரு பேஜாரு சார்."

"என்ன பேஜாரு?"

"மெட்ராஸ்லேர்ந்து லாரி வந்துகீது சார், மிஷினை எறக்கி உள்ள வெக்கணுமாம்… வுடட்டுமா, வாணாமா?"