மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

"மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல யாரு என்ன பாத்தாங்கன்னு எடுக்க முடியுமா மேடம்?"

மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நின்ற தனகோட்டியைக் கண்டதும் நூலகர் பாயிஜா அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தாள். காலையில் அதில் உட்கார்ந்திருந்தவள் தனகோட்டியின் மகள் இசைப்பிரியா. 'அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுக்கா' என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள். அவள் பார்த்தது இன்னும் அதில் இருக்கும்.

பாயிஜா அதன் சுவிட்சை அணைத்தாள்.

"முடியாதுங்க. ஆஃப் பண்ணினா எல்லாமே அழிஞ்சிடும். அந்த மாதிரி பாத்துத்தான் வாங்கினோம்."

"யாரு வந்து கேட்டாலும்?" அவர் குரல் உயர்ந்தது.

"யாரு கேட்டாலும்."

தனகோட்டி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பாடா! நேத்து நான்தாங்க பாத்தேன். டாக்டர் எனக்குக் கேன்சர்னு எழுதியிருக்காரு. பாப்பாவும் இங்கதான் படிக்க வருது. பரீட்சை முடியற வரைக்கும் அதுக்குத் தெரியக் கூடாது."

பாயிஜா தலையாட்டினாள்.

காலையில் இசைப்பிரியா, அப்பா பீரோவில் ஒளித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, அதே கம்ப்யூட்டரில் அதே வியாதியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.