நடுக்கட்டம்

“காபி எப்படி இருக்கு?” என்று கணவரிடம் கேட்டேன்.

“பரவாயில்ல.”

“என் புதுக் கண்ணாடி?”

“பரவாயில்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் என் ஆராய்ச்சியே நாசமாப் போகுது!”

ஊழியர்களின் வேலைத் திருப்தி பற்றிய ஆராய்ச்சி அது. கேள்வித்தாளில் கேள்விக்கு ஐந்து கட்டங்கள் வைத்திருந்தேன். முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேர் ‘பரவாயில்லை’ என்ற நடுக்கட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள்.

“நடுக்கட்டத்தைத் தூக்கிடலாம் சார். திருப்தியா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லட்டும்” என்றேன் பேராசிரியரிடம்.

“நிஜமாவே நடுவுல இருக்கிறவங்க?”

“ஏதாவது ஒரு பக்கம் சாயட்டும் சார்.”

அவர் அரைமனதாக ஒப்புக்கொண்டு, தெரிந்த கம்பெனி ஒன்றில் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கினார். எந்தக் கம்பெனி என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. முடிவு பளிச்சென்று வந்தது. ஒரு பிரிவில் முக்கால்வாசிப் பேருக்குத் திருப்தி இல்லை.

“பிரமாதம்! ரிப்போர்ட்டக் கம்பெனிக்கும் அனுப்பிட்டேன்” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் கணவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“எங்க செக்‌ஷன மூடிட்டாங்க. அங்க யாருக்குமே வேலை பிடிக்கலையாம்.”

“யார் சொன்னது?”

“நாங்களேதான். ஏதோ சர்வே குடுத்தாங்க. பரவாயில்லன்னு போடலாம்னு தேடினா, அந்தக் கட்டத்தையே காணோம். திருப்தின்னு போட்டா சம்பளம் ஏத்த மாட்டாங்களேன்னு, இல்லைன்னு போட்டுட்டேன்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“அட, இதுக்கு நீ ஏம்மா அழுறே?” என்று என் தோளைத் தட்டினார் அவர். “பரவாயில்ல, விடு.”