கதவில் தலைவர் படம்

"அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு மனசு துடிக்குது மேடம். ஆனா என் பேரு பளிச்சுன்னு தெரியணும்" என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

தலைமையாசிரியை யோசித்தார். "பிள்ளைங்க தினமும் வந்தே ஆகவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு சார். கதவுதான் இல்ல."

"போட்டுடலாம், என் படத்தோட! அளவை மட்டும் அனுப்புங்க."

இடத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. நேராகத் திறப்பு விழாவுக்குத்தான் வந்தார். புதுக் கதவின் முன்னால் மாணவிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். தலைவர் பூரித்துப்போனார்.

"எனக்காகவா மேடம் இவ்வளவு கூட்டம்?"

"ஆறு மாசமா காத்திருக்காங்க சார்."

ரிப்பனை வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இந்தப் பள்ளியின் வளர்ச்சிக்காக நான்..."

வரிசையில் முதலில் நின்ற சிறுமி தண்ணீர் வாளியோடு அவரை இடித்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளி நின்னு பேசுங்க தாத்தா, அவசரம்!"